கிளார்க்குக்கு ஒரு துணை

மேனேஜர் செத்துப்போன சேதி எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வழியாக வந்தது.

ஒரு புதன்கிழமை காலை, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், முதல் நாள் மாலை வாங்கிப்போன கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் கடைக்குள் வந்தார். "இதப் போட்டா படிக்கட்டெல்லாம் ஒரு பக்கமா சாயுதும்மா. ரெண்டு தடவ விழப் பார்த்தேன்," என்றார். நான் அதை வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போனேன். அங்கேதான் எங்கள் பவர் அக்கா உட்கார்ந்து லென்ஸ் தேய்ப்பார்.

பவர் அக்கா என்பது கடையில் நாங்கள் வைத்த பெயர். எதிரே வருகிறவர் போட்டிருக்கும் கண்ணாடிக்குள் கன்னத்தின் ஓரம் எவ்வளவு உள்வாங்கித் தெரிகிறது என்று ஒரு பார்வை பார்ப்பார். "மைனஸ் நாலரை" என்பார். கால் பவர்கூடத் தப்பாது. நான் முன்பக்கம் ஃபிரேம் காட்டுகிறவள். அவரோடு பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். அன்று வரை அவர் கைப்பட்ட கண்ணாடி ஒன்றுகூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை செய்கிறவர் என்று கடை மேனேஜர் அவரைப் புகழ்வார். அதில் ஒரு சொட்டை உன் கண்ணிலும் விட்டுக்கொள்ளக் கூடாதா என்று என் பக்கம் திரும்புவார்.

அக்கா கண்ணாடியைப் பவர் அளக்கும் லென்ஸ் மீட்டரில் வைத்துப் பார்த்தார். எடுத்துத் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தார்.

"இடது கண்ணு லென்ஸ வலதுலயும் வலத இடதுலயும் தேய்ச்சுப் போட்டிருக்கேன்," என்றார். "புதுசு எடுத்துத்தான் தேய்க்கணும். ஒரு மணி நேரம் ஆகும்னு சொல்லு."

சொல்லிவிட்டு வந்து பார்த்தால் அவர் புது லென்ஸை எடுக்கவில்லை. தேய்க்கிற சக்கரத்தின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"மேனேஜர் போயிட்டான்."

எனக்கு ஒரு நொடி எங்கள் மேனேஜர்தான் நினைவுக்கு வந்தார். அவரோ வெளியே ஃபோனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். பிறகுதான் புரிந்தது. மேனேஜர் ஒரு தங்கமீன். அக்காவின் பெரிய மகள் வளர்த்த மீன். அந்த மகள் இறந்து அப்போது பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

அக்காவுக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்கும் சின்னவளுக்கும் மூன்றரை வயது வித்தியாசம். கணவர் லிஃப்ட் மெக்கானிக்; நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். எங்கள் கடை அந்தக் காலத்தில் வேறொரு கட்டடத்தின் நான்காவது மாடியில் இருந்தது. ஒரு நாள் அக்கா லிஃப்டில் தனியாக மாட்டிக்கொண்டார். நாற்பது நிமிடம். கதவைத் திறக்க வந்தவர் அந்த நாற்பது நிமிடமும் இடுக்கு வழியாகப் பேசிக்கொண்டே இருந்தாராம். எந்த ஊர், என்ன படிப்பு, சாப்பிட்டாச்சா, பயமாக இருக்கிறதா என்று. "உள்ள மாட்டினவள வெளிய எடுக்க வந்து, வெளிய இருந்தவரு மாட்டிக்கிட்டாரு," என்று அக்கா சொல்லிச் சிரிப்பார். இப்போது அவர்கள் குடியிருக்கும் மூன்று மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அண்ணன் ஊருக்கெல்லாம் லிஃப்டை ஓடவிட்டு, தன் வீட்டுக்கு அறுபத்திரண்டு படி ஏறுவார்.

பெரியவளுக்கு ஒன்பது வயதில் அந்த மீன்கள் வீட்டுக்கு வந்தன. வீட்டைக் காலி செய்துகொண்டு போன பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டரை அடி நீளக் கண்ணாடித் தொட்டியை விட்டுப்போனார்கள். அதற்காகவே இரண்டு தங்கமீன் வாங்கினார்கள். ஒன்று கொழுகொழுவென்று ஆரஞ்சு நிறம், தலையில் தொப்பி வைத்ததுபோல் வெள்ளை. இன்னொன்று ஒல்லி, வெளிறிய உடம்பு, வால் ஓரத்தில் மட்டும் மை தொட்டதுபோல் கறுப்பு. அக்கா சாப்பிடும்போது கடைக் கதை சொல்வது வழக்கம். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பெரியவள் மீன்களுக்கு உத்தியோகம் கொடுத்தாள்.

"குண்டு மேனேஜர். அது எனக்கு. ஒல்லி கிளார்க். அது உனக்கு."

"நான் ஏன் கிளார்க்கு?" என்று அழுதாள் சின்னவள்.

"நீ அப்புறமா வேலைக்குச் சேர்ந்தவ."

பெயருக்கு ஏற்றபடிதான் மீன்களும் நடந்துகொண்டன. மேனேஜர் முன்னால் போகும், கிளார்க் பின்னாலேயே போகும். சாப்பாட்டு டப்பா திறக்கிற சத்தம் கேட்டால் மேனேஜர் முதல் ஆளாக மேலே வந்து வாயைத் திறக்கும். அது தின்றது போக மீதிக்குக் கிளார்க் வரும். வீட்டில் இரண்டு பெண்களும் அப்படித்தான். பெரியவள் போகிற இடமெல்லாம் சின்னவள். ஒரே கட்டில், ஒரே போர்வை, ஒரே சண்டை.

பெரியவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் என்று படுத்தாள். வெள்ளிக்கிழமை இல்லை. நடுவில் நடந்ததை அக்கா சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பன்னிரண்டு வயது.

பதினெட்டாம் நாள் அக்கா வேலைக்கு வந்தார். அன்றைக்கு ஏழு கண்ணாடி முடித்தார். ஒன்றில்கூடக் குறை இல்லை. எங்கள் முன்னால் அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு நாள் மட்டும், டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் சொன்னார். கணவரின் அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு இன்னும் வயசு இருக்கு. இன்னொண்ணு பெத்துக்க. வீடு பழையபடி ஆயிடும்," என்றாராம். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. அக்கா எழுந்துபோய், கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி எடுத்துக் கழுவினாராம்.

சின்னவள் அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அதைச் சொல்லி வியந்தார்கள். "எவ்வளவு பக்குவம் பாரு இந்த வயசுல" என்றார்கள். அதே மூச்சில், "அச்சு அசல் அக்கா மாதிரியே இருக்கா," என்றும் சொன்னார்கள். அவள் வைத்ததைச் சாப்பிட்டாள், சொல்லாமலே வீட்டுப்பாடம் எழுதினாள், தானே தலை பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். தொந்தரவு தராத பிள்ளையைக் கவனிக்க அந்த வீட்டில் யாருக்கும் தெம்பும் இல்லை.

ஆனால் மேனேஜரை எல்லாரும் கவனித்தார்கள். பெரியவள் கை பட்டு வளர்ந்த உயிர் அது ஒன்றுதான் மிச்சம். காலையில் அண்ணன் சாப்பாடு போடுவார். வாரம் ஒரு முறை, என்ன வேலை இருந்தாலும், தொட்டித் தண்ணீரில் கால்வாசியை மாற்றுவார். அக்கா வேலைக்குக் கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே ஒரு முறை திரும்பித் தொட்டியைப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார்.

அந்த மேனேஜருக்கு வயிறு உப்பியது. செதிலெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நின்றது. அண்ணன் தனி வாளியில் விட்டு, வளர்ப்பு மீன் விற்கிற கடைக்காரர் சொன்னபடி உப்புப் போட்டு, ஐந்து நாள் பார்த்தார். செவ்வாய்க்கிழமை விடிந்தபோது அது வாளியில் பக்கவாட்டில் கிடந்தது. அக்கா யாரையும் தொடவிடாமல் தானே எடுத்து, பால்கனிப் பூந்தொட்டி ஒன்றில் மண்ணைத் தோண்டிப் புதைத்தார். கையைக் கழுவிக்கொண்டு வேலைக்கு வந்தார். அன்று தேய்த்ததுதான் அந்தப் பெரியவரின் கண்ணாடி.

அதற்குப் பிறகு கிளார்க் வெளியே வரவில்லை.

தொட்டியின் பின்மூலையில், காற்றுக்குழாய்க்குப் பின்னால், துடுப்பையெல்லாம் மடக்கிக்கொண்டு கூழாங்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டது. போட்ட சாப்பாடு மேலே மிதந்து, ஊறி, அடியில் இறங்கிக் கரைந்தது. அண்ணன் மீன்கடைக்காரரைக் கேட்டார். "தங்கமீன் தனியா இருக்காது சார். ஒரு துணை போட்டுப் பாருங்க," என்றார் அவர். அன்று மாலை சாப்பிடும்போது அண்ணன் பேச்சை எடுத்தார்.

"ஒண்ணு வாங்கிப் போடலாமா?"

"வேணாம்."

"அது சாப்பிடவே மாட்டேங்குது."

"பசிச்சா சாப்பிடும்."

"பத்து நாளாச்சு."

"நாமகூடத்தான் பத்து நாள் சாப்பிடாம கிடந்தோம். செத்தா போனோம்?"

இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த சின்னவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

இதை அக்கா என்னிடம் சொன்னபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அந்த வாயில்லா ஜீவன் பாவமில்லையாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா கையிலிருந்த லென்ஸை மெத்தென்ற துணியில் வைத்தார். "இங்க நாம என்ன செய்யறோம்? லென்ஸ்ல கீறல் விழுந்தா அதே பவர்ல இன்னொண்ணு தேய்ச்சு மாட்டறோம். போட்டுக்கிட்டுப் போறவங்களுக்கு மாத்தினதே தெரியாது. எம் பொண்ணுக்கும் அதையேதான் சொன்னாங்க. இப்ப மீனுக்கும் அதையே சொல்றீங்க." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அண்ணன் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்கிறவர் அல்ல. ஆனால் ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடி. ஃபோனில் மேனேஜரின் படம் ஒன்று வைத்திருந்தார். லிஃப்ட் பழுதுபார்க்க எந்தப் பக்கம் போனாலும், பக்கத்தில் மீன்கடை இருக்கிறதா என்று விசாரித்துப் போய், படத்தைக் காட்டிக் கேட்டார். ஆரஞ்சு உடம்பு கிடைத்தால் தொப்பி இல்லை, தொப்பி கிடைத்தால் உடம்பு சின்னது. மூன்றாவது வாரம், ஊரின் மறுகோடியில் ஒரு கடையில் கிடைத்தது. தண்ணீர்ப் பையை ஸ்பானர்களுக்கு நடுவே, கருவிப் பையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு வந்தார்.

அன்று அக்காவுக்கு வார விடுமுறை. மாடியில் துணி எடுக்கப் போயிருந்தார். அவர் இறங்கி வருவதற்குள் விட்டுவிடலாம் என்று அண்ணன் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டார். மீன் தண்ணீரின் சூட்டுக்குப் பழக வேண்டும் என்பதால் உடனே திறந்துவிடவும் முடியாது. அதற்குள் அக்கா துணிக் குவியலோடு உள்ளே வந்தார். ஒரு முறை பார்த்தார்.

"யாரு இது?"

"பார்க்க அப்படியே இருந்துச்சு. அதான்..."

"மேனேஜருக்கு இடது கண்ணுக்குக் கீழ ஒரு செதில் கிடையாது. தொப்பி மூக்கு வரைக்கும் வராது. எனக்கா கண்ணக் கட்டறீங்க?"

"உனக்கு இல்ல. கிளார்க்குக்குத்தான் கட்டப் பார்த்தேன்."

"ஒண்ணு போனா இன்னொண்ணு. உங்க அக்கா சொன்னத நீங்க செஞ்சு காட்டறீங்க."

அண்ணன் பையின் முடிச்சைப் பிடித்தபடி நின்றிருந்தார். பிறகு சொன்னார். "ஆஸ்பத்திரியில அவ என்கிட்ட ஒண்ணு கேட்டா. வியாழக்கிழமை. நீ டாக்டரப் பார்க்கப் போயிருந்த. 'மேனேஜருக்குச் சாப்பாடு போட்டீங்களாப்பா'ன்னு கேட்டா. போட்டேன்னு சொன்னேன். போடல. ஞாயித்துக்கிழமையிலேர்ந்து யாருமே போடல. எம் பொண்ணு என்கிட்ட கடைசியாக் கேட்டது அது ஒண்ணுதான், அதுக்கு நான் பொய் சொன்னேன். இந்தத் தொட்டியில ஒண்ணு பட்டினி கெடக்கறத என்னால பார்க்க முடியல."

அக்காவுக்கு இது தெரியாது. பதினைந்து மாதம் அந்த மனிதர் இதை உள்ளே வைத்துக்கொண்டு தினமும் காலையில் மீனுக்குச் சாப்பாடு போட்டிருக்கிறார்.

ஆனாலும் அக்கா இளகவில்லை. "அதுக்காக இன்னொரு பொய்யா?" என்றார்.

அண்ணன் பையை வெளியே எடுத்தார். ஈரம் துடைத்து மறுபடி கருவிப் பையில் வைத்துக்கொண்டு போனார். உடனே மீன்கடைக்கும் போகவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில், படியில், பையை மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்ததாகக் கீழ்வீட்டு அம்மா பிறகு அக்காவிடம் சொன்னார். "லிஃப்டு ஏதாவது வைக்கப் போறாங்களான்னு கேட்டேன், பதிலே சொல்லலையே," என்று அந்த அம்மாவுக்கு வருத்தம்.

அதன்பின் வீட்டில் பேச்சு குறைந்தது. சாவி எங்கே, பால் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் கடைத்தெரு முழுவதும் மின்சாரம் போனது. மிஷின் ஓடாது. கடை மேனேஜர் அக்காவைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார். அவர் வீட்டுக் கதவைத் திறந்தபோது மணி நாலரை. சின்னவள் பள்ளிச் சீருடையோடு தரையில் குப்புறப் படுத்திருந்தாள். தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியோடு ஒட்டி, இரண்டு பாடப் புத்தகங்களை முட்டுக்கொடுத்து, ஒரு கைக்கண்ணாடி நிறுத்தப்பட்டிருந்தது. ஃபிரேம் போட்டுப் பார்க்க எங்கள் கடையில் கொடுக்கிற கண்ணாடி அது. பிடி உடைந்துபோனதால் அக்கா வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார்.

கிளார்க் மூலையில் இல்லை. கைக்கண்ணாடிக்கு எதிரே, தன் உருவத்துக்கு முன்னால், மேலும் கீழும் நீந்திக்கொண்டிருந்தது. மேலே மிதந்த சாப்பாட்டில் ஒன்றைச் சட்டென்று போய்க் கவ்வியது, திரும்பவும் கண்ணாடிக்கே வந்தது.

சின்னவள் எழுந்து உட்கார்ந்தாள். திட்டு விழும் என்று நினைத்தாள் போல. புத்தகத்தை எடுக்கக் கையை நீட்டினாள்.

"இருக்கட்டும்," என்றார் அக்கா. "எத்தன நாளா இது?"

"ஆறு நாளா. நீங்க வர்றதுக்குள்ள எடுத்து வச்சிடுவேன்."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா சண்ட போடுவீங்க."

அக்கா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "கண்ணாடி வைக்கணும்னு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. மொதல்ல எனக்குத்தான் வச்சுப் பார்த்தேன்."

"உனக்கா?"

"எல்லாரும் நான் அக்கா மாதிரியே இருக்கேன்னு சொன்னாங்க இல்ல. அதான் ஸ்கூல் விட்டு வந்ததும் பாத்ரூம் கண்ணாடியில பார்ப்பேன். பேசிக்கூடப் பார்த்தேன்." அவள் மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆனா அதுல நான்தாம்மா தெரியறேன். கிளார்க்குக்கு அது தெரியாது. அதனால அதுக்குச் சரியா இருக்கு."

இந்த இடத்தைச் சொல்லும்போது அக்கா நிறுத்திவிட்டார். அன்று பின்னறையில் நானும் அவரும் மட்டும்தான் இருந்தோம். ஃபிரேமின் திருகாணி ஒன்று மேசையிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. இருவருமே அதை எடுக்கக் குனியவில்லை.

"கிளார்க்கு அவ மீனு," என்றார் பிறகு. "வேணும் வேணாம்னு நானும் அவரும் ஒரு மாசமா மல்லுக்கட்டினோம். மீனுக்குச் சொந்தக்காரிகிட்ட ஒரு வார்த்த கேக்கல. மீன விடு. நீ எப்படிடி இருக்கன்னு அவகிட்டயே நான் கேக்கல."

அன்று கேட்டிருக்கிறார். "இன்னொண்ணு வாங்கலாமா? நீ சொல்லு."

சின்னவள் நகத்தால் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "மேனேஜர் மாதிரி வேணாம்," என்றாள். "மேனேஜரே வந்துடுச்சுன்னு கிளார்க்கு ஏமாந்துடும். வேற கலர்ல வாங்கலாம். சும்மா துணைக்கு. தனியா இருந்தா ரொம்ப நேரமா இருக்கும்மா."

ஞாயிற்றுக்கிழமை மூவரும் மீன்கடைக்குப் போனார்கள். பெரிய தொட்டியில் முப்பது நாற்பது தங்கமீன்கள் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தன. சின்னவள் அடியில் ஒதுங்கியிருந்த ஒன்றைக் காட்டினாள். பழுப்பு நிறம், ஒரு பக்கத் துடுப்பு கொஞ்சம் கிழிந்தது. கடைக்காரர் வலையை வைத்துக்கொண்டு தயங்கினார்.

"அது அவ்வளவு அழகா இருக்காதும்மா. வேற பாரு."

"பரவால்ல. இது யார் மாதிரியும் இல்ல."

நோய் எதுவும் இருந்தால் தெரிந்துவிடும், மூன்று வாரம் தனியாக வைத்திருந்து பிறகு சேருங்கள் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். வாளி குளியலறையில் இடம் பிடித்தது. சோப்புத் தண்ணீர் தெறிக்கக் கூடாது என்று மூன்று பேரும் மூன்று வாரம் ஒடுங்கி ஒடுங்கிக் குளித்தார்கள். அண்ணன் உள்ளே போகும்போதெல்லாம் வாளியைப் பார்த்து, "சார், அஞ்சு நிமிஷம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க," என்பாராம். அக்கா அதை எனக்குச் சொல்லும்போது லேசாகச் சிரித்தார். ஒன்றேகால் வருடத்துக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. சின்னவள் அந்த மீனுக்குப் பெயர் வைக்கவில்லை. புதுசு என்றே சொன்னாள், மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள். தொட்டிப் பக்கம் கைக்கண்ணாடியும் தன் இடத்தில் நின்றது. யாரும் அதை ஒளித்துவைக்கவில்லை.

மூன்று வாரம் முடிந்து புதுசைத் தொட்டியில் விட்டார்கள். சின்னவள் கண்ணாடியை எடுத்து அலமாரியில் வைத்தாள். முதல் நாள் கிளார்க் குழாய்க்குப் பின்னாலிருந்து அசையவில்லை. இரண்டாம் நாள் தலையை மட்டும் நீட்டியது. மூன்றாம் நாள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஒளிந்துகொண்டது.

நான்காம் நாள் மாலை அண்ணன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். கிளார்க் மேலே வந்தது. பின்னாலேயே புதுசும் வந்தது. இரண்டும் தின்றன. தின்று முடித்து, தொட்டியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, ஒன்றின் பின் ஒன்றாகப் போய்த் திரும்பின. மறுபடி போயின. மேனேஜர் இருந்த காலத்தில் போனது போலவே. என்ன, இப்போது கிளார்க் முன்னால் போனது.

"இங்க வந்து பாருடா கண்ணு," என்று அண்ணன் கூப்பிட்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் குரல் அப்படி எழுந்தது என்றார் அக்கா. அவரும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்றார்.

சின்னவள் வந்தாள். தொட்டிக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள். கைதட்டுவாள், குறைந்தது சிரிப்பாள் என்று இவர்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாலு நாள்தானா?" என்றாள்.

"என்னடா?"

"நாலு நாள்ல மறந்துடுச்சா?"

நெற்றியைத் தொட்டிக் கண்ணாடியில் முட்டிக்கொண்டாள். உள்ளே மீன்கள் இரண்டும் பதறி மூலைக்கு ஓடின. அழுகை அவளுக்கு வாந்தி எடுப்பதுபோல் வந்தது. அடக்கப் பார்ப்பாள், மறுபடி குமட்டிக்கொண்டு வரும். பதினாறு மாதம் அழாத பிள்ளை. அக்கா அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டார். பத்து வயதுப் பெண் மடியில் அடங்கவில்லை, காலெல்லாம் வெளியே கிடந்தது.

"வேணாம்னா திருப்பிக் குடுத்துடலாம்டா," என்றார் அண்ணன்.

அவள் கூடாது என்று தலையை ஆட்டினாள். "அது பாவம். அது சாப்பிடுது." மூச்சு வாங்கிக்கொண்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "நானும் அப்படி மறந்துடுவேனாம்மா? எனக்கு இப்பவே அவ குரல் சரியா வர மாட்டேங்குது."

மறக்க மாட்டாய் என்று சொல்லலாம் என்று அக்காவின் நாக்கு வரை வந்திருக்கிறது. சொல்லவில்லை.

"எனக்கும் வர மாட்டேங்குதுடி," என்றார்.

அண்ணன் நின்றிருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடுப்பில் எதுவோ அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. அவர் எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்து மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தார்.

"'அம்மா'ன்னு கூப்பிட்டா கடைசியில கொஞ்சம் இழுப்பா," என்றார் அக்கா, நினைவுபடுத்திக்கொள்வது போல. கூப்பிட்டுப் பார்த்தார். சரியாக வரவில்லை.

"இல்ல, இழுக்க மாட்டா. மேல ஏத்துவா," என்றார் அண்ணன். அவரும் கூப்பிட்டுப் பார்த்தார். அவருடைய தடித்த குரலில் அது வேறு எதுவோ போல இருந்தது. சின்னவளுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு பேருக்கும் தெரியல. இப்படி," என்று அவள் கூப்பிட்டாள். சரியில்லை என்று தானே தலையசைத்தாள். இன்னொரு முறை கூப்பிட்டாள்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. யாரும் விளக்கைப் போடவில்லை. மூன்றாவது முறை அவள் கூப்பிட்டபோது குரல் கடைசியில் கொஞ்சம் மேலே ஏறியது. அண்ணன் எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம்.